தேய்ந்து போன ஜெர்மன் கத்தி

இரும்பு விஷயத்தில் நான் தோற்றுப்போனது என் ஆயுளில் ஒரே ஒரு முறைதான். அந்தத் தோல்வி நடந்த இடம் என் சொந்த முகம்.

கம்பைநல்லூர்க் கடைவீதியில் இரும்புக்கடைக்காரர் என்று கேட்டுப் பாருங்கள், சின்னக் குழந்தையும் கை காட்டும். (எனக்கு மூன்று கடை. அதில் பெரிய கடை எது என்று சிலர் கேட்பார்கள். மூன்றும் பெரிய கடைதான்.) நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. வாத்தியார் ஒரு நாள் என்னைப் பார்த்து, "நீ போய் வேற பொழப்பைப் பாருடா" என்றார். அவர் சொல்லிக்கொடுத்ததில் நான் உடனே புரிந்துகொண்ட பாடம் அது ஒன்றுதான். மறுநாளே அரிவாள் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டேன்.

இருபத்திரண்டு வயதில் நான் கால் வைக்காத சந்தை இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. கொல்லர்கள் அடித்துக் கொடுப்பார்கள், நான் விற்பேன். அரிவாள், கொழு, களைக்கொத்து, கடப்பாரை எதுவானாலும் உள்ளங்கையில் வைத்தால் போதும், எடையைச் சொல்வேன். தராசு என்னைவிட அரைப் பலம் முன்னே பின்னே காட்டினால் தராசைத்தான் சந்தேகப்படுவார்கள். இரும்பு என்றால் கனம், கனம் என்றால் விலை. இந்த ஒரே கணக்கை வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு ஒற்றை மாட்டு வண்டி வாங்கியிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய அரிவாளை எடுத்துக்கொண்டு புதுசும் கொடுப்பேன். பத்து வருடம் தீட்டிய அரிவாளைப் பார்த்திருக்கிறீர்களா? முதுகு மட்டும் தடியாக நிற்கும். வயிறு ஒட்டி, மெலிந்து, வெட்டுகிற வாய்ப்பக்கம் வாழைச்சருகு மாதிரி ஆகியிருக்கும். அதைக் கொண்டுவந்து "நல்ல அருவாளுங்க" என்று சொல்கிற ஆளிடம், "ஆமா, ஒங்க அப்பா காலத்துல நல்ல அருவாளு" என்று சொல்லிவிட்டுப் பாதி விலைக்கு எடுப்பேன். அதனால், மெலிந்த இரும்பைக் கண்டாலே எனக்கு ஒரு இளக்காரம்.

என் இந்தத் திறமையைப் பார்த்துத்தான் சென்னப்பன் மாமா எனக்குப் பெண் கொடுக்க ஒப்புக்கொண்டார். அவர் கம்பைநல்லூரில் நிலக்கடலை மண்டி வைத்திருந்தவர். ஒரே பெண், பெயர் காவேரி. பேச்சு முடிந்த அன்று மாமா இன்னொன்றும் சொன்னார்: கடைவீதியில் அவருக்குச் சொந்தமான கடை ஒன்று பூட்டிக் கிடக்கிறது, அதை மாப்பிள்ளைக்கு விட்டுவிடலாம் என்று யோசிக்கிறாராம். சந்தை சந்தையாக வெயிலில் உட்கார்ந்து தலையில் தோல் உரிந்துகொண்டிருந்த எனக்கு, பெண்ணைவிட அந்தக் கடைதான் ராத்திரி கனவில் வந்தது. (இதை இப்போது எழுதலாம். அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது, கண்ணும் சரியில்லை. யாராவது படித்துக் காட்டாமல் இருந்தால் சரி.)

அது யுத்தம் வருவதற்கு முந்தின வருடம். ரோடு போட வந்திருந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் ஊர் திரும்பிவிட்டார். அவருடைய சாமான்களைத் தருமபுரி பங்களாவில் ஏலம் போடுகிறார்கள் என்று சேதி வந்தது. மாமா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மாப்ளே, கல்யாணத்தன்னிக்கு உங்களுக்கு மாப்பிள்ளைச் சவரம் செய்யணுமில்ல? ஊர்ல எல்லாரும் பழைய கத்தியிலதான் செய்யறாங்க. எம் மாப்பிள்ளைக்குச் சீமைக் கத்தியில நடக்கணும். ஏலத்துல ரெண்டு கத்தி வருதாம். நீங்களே வந்து பாத்து எடுங்க."

"அதுக்கென்னங்க மாமா, எடுத்துட்டாப் போவுது."

"சும்மா இல்ல மாப்ளே. இது உங்க கைக்குப் பரீட்சை. கத்தி நல்லதா அமைஞ்சா அன்னிக்கே கடைச்சாவி உங்க மடியில."

சவரக் கத்தியை நான் அதுவரை கையால் தொட்டதில்லை. அது எனக்கு ஒரு பொருட்டாகவும் தெரியவில்லை. இரும்புதானே!

எங்களோடு மாதையனும் வந்தார். மாமா குடும்பத்துக்குத் தலைமுறையாகச் சவரம் செய்கிற நாவிதர். என்னைவிடப் பத்து வயது பெரியவர், அதிகம் பேச மாட்டார். வழக்கப்படி, கல்யாணச் சவரம் முடிந்ததும் அந்தப் புதுக்கத்தி அவருக்குத்தான் போகும். அதனால் அவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று மாமா கூட்டி வந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் இருக்கும்போது இன்னொருவரைக் கேட்பதா?

பங்களாத் தாழ்வாரத்தில் மேசை நாற்காலி, குதிரைச் சேணம், சோளத்தொப்பி என்று பரப்பி வைத்திருந்தார்கள். ஏலம் விட்டவன் எஞ்சினியரின் பட்லர், பெங்களூர்க்காரன். ஒரு சின்ன மேசையில் வெல்வெட் துணி மேல் இரண்டு கத்திகள் இருந்தன. சுற்றி ஒரு கூட்டம் அவற்றைத் தொடப் பயந்து நின்றது. நான் விலக்கிக்கொண்டு போய் எடுத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், கையில் எடுத்ததும் எனக்கு ஏலமே மறந்துவிட்டது. அரிவாள் மாதிரி இல்லை அது. பிடிக்குள்ளே அலகு பாம்பு மாதிரி மடங்கிப் படுத்துக்கொள்கிறது. அலகின் அடியில் ஒரு சின்ன வால் மேல்நோக்கி வளைந்திருக்கிறது. எதற்கு அந்த வால்? சுண்டுவிரலை அதன் மேல் வைத்தபோதுதான் கத்தி கையில் தானாக நின்றது. யாரோ ஒருவன் எங்கோ சீமையில் உட்கார்ந்துகொண்டு என் சுண்டுவிரலைப் பற்றி யோசித்திருக்கிறான்! திறந்தேன், மூடினேன், திறந்தேன், மூடினேன். "மாப்ளே, வெளையாட்டுச் சாமான் இல்ல, கை போயிரும்" என்றார் மாமா.

முதல் கத்தி பெரியது. வெள்ளை வெளேரென்று பிடி. அலகில் தங்க நிறத்தில் ஒரு கப்பல் படம், பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்தது. முதுகிலிருந்து வாய் வரை ஆப்பு மாதிரிச் சமமாக இறங்கிய தடித்த இரும்பு. உள்ளங்கையில் வைத்தேன். ஆகா, கனம்! பிடியைத் துணியில் தேய்த்து முகர்ந்தேன். கற்பூர வாசனை அடித்தது.

"மாமா, யானைத் தந்தம். கற்பூரம் போட்டுப் பெட்டியில வச்சிருந்திருக்காங்க. சாமி பொருள் மாதிரி பாத்திருக்காங்க."

கூட்டத்தில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். (சீப்பும் பொம்மையும் செய்கிற செல்லுலாய்டைத் தேய்த்தால் கற்பூர வாசனை வரும் என்று எனக்குத் தெரிந்தது பல வருடம் கழித்து.)

இரண்டாவது கத்தி கறுப்புக் கொம்புப் பிடி. படம் இல்லை, பூ இல்லை, முதுகில் பொடி எழுத்து மட்டும். அலகைப் பார்த்தேன். முதுகு தடியாக இருந்தது. அதற்குக் கீழே இரண்டு பக்கமும் குழிந்து, ஒட்டி, மெலிந்து, வாய்ப்பக்கம் வாழைச்சருகு! கையில் வைத்தால் காற்றுப்போலக் கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த அரிவாளை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன்.

"பட்லரே, இது எத்தினி வருசக் கத்தி?"

"போன வருசம் ஜெர்மனியிலேருந்து பார்சல்ல வந்துது. நோடி, இங்க பாருங்க, தொரை டெய்லி இதுலதான் ஷேவ் பண்ணுவாரு."

"பாத்தீங்களா மாமா! தெனமும் போட்டா தேயாம என்ன பண்ணும்? ஒரே வருசத்துல இப்புடித் தேஞ்சு போச்சுன்னா இரும்பு எவ்வளவு மட்டமா இருக்கணும்! சரி பட்லரே, இந்த வெள்ளைப் பிடி?"

"அது யாரோ பிரெசென்ட் குடுத்தது. தொரை ஒரு தரம் போட்டாரு, அப்புறம் தொடவே இல்ல."

"கேட்டுக்கிட்டீங்களா? புத்தம் புதுசு!"

மாதையன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "மாப்பிள்ளைங்க, அந்தக் கறுப்பை ஒருக்கா வெளிச்சத்துல..."

"மாதையா, உனக்குச் செரைக்கத் தெரியும். எனக்கு இரும்பு தெரியும். அவனவன் வேலையை அவனவன் பாப்போம்."

இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் முகம் மாறவே இல்லை. "நீங்க சொன்னாச் சரிங்க" என்றார். அதன் பிறகு நான் எதைச் சொன்னாலும், "ஆமாங்க, தேஞ்சுதான் போச்சுங்க", "ஆமாங்க, பெரிய கத்திதாங்க நல்ல கத்தி" என்று கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி ஒத்து ஊதினார். அடடா, ஒரே அதட்டலில் புத்தி வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளைக் கத்திக்குப் போட்டி பலமாக இருந்தது. நானேதான் அவ்வளவு புகழ்ந்திருந்தேனே! கடைசியில் மாமா பதினான்கு ரூபாய்க்கு எடுத்தார். அந்தக் காலத்தில் அது ஒரு கறவை மாட்டுக்கு முன்பணம். கறுப்புக் கத்தி எப்போது ஏலத்துக்கு வந்தது, யார் எடுத்தார்கள் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேய்ந்த இரும்பு எங்கே போனால் எனக்கென்ன?

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. "புதுக்கத்திக்குச் சாணை புடிக்கணும், குடுங்க, நான் பதமாத் தீட்டியாறேன்" என்று மாதையன் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அரிவாளுக்குச் சாணை பிடிக்க என்னிடமே சக்கரம் இருந்தது. ஆளை விட்டுச் சுற்றச் சொல்லி, கத்தியை அழுத்திப் பிடித்தேன். நெருப்புப் பொறி அப்படிப் பறந்தது! அலகின் வாய் முழுக்க நீலம் பாய்ந்து மயில் கழுத்து மாதிரி மின்னியது. கப்பலுக்குக் கீழே கடலே வந்துவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினேன். (நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் செத்துவிட்டது என்று அர்த்தம். இது எந்தக் கொல்லருக்கும் தெரியும். நான் எந்தக் கொல்லரையும் கேட்கவில்லை.)

கல்யாணத்தன்று காலையில் பந்தலில் மணை போட்டு உட்கார வைத்தார்கள். என் பக்கம் இருநூறு பேர், பெண் பக்கம் அதற்கும் மேலே. சீமைக் கத்தியில் சவரம் என்று சேதி பரவி, தீர்த்தமலைக்குப் போகிற வழியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்க்க நின்றார்கள். மாமா வெள்ளைக் கத்தியைத் தாம்பாளத்தில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். அவர் இடுப்பில் அந்தக் கடைச்சாவி தொங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதையன் பாலும் தண்ணீரும் தொட்டு என் கன்னத்தை ஊற வைத்தார். கத்தியை எடுத்தார். வலது கன்னத்தில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார்.

அய்யோ சாமி.

பனைமட்டையால் சிராய்த்தாற்போல் இருந்தது. ஒவ்வொரு மயிரும் வேரோடு என்னிடம் விடைபெற்றுக்கொண்டு போனது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எப்புடிங்க மாப்பிள்ளை?" என்றார் மாதையன், பணிவாக.

"நல்லா... சொகமா இருக்குது."

"அப்ப இன்னும் கொஞ்சம் அழுத்திப் போடறனுங்க."

"வேண்டாம்! அதாவது, அவசரம் இல்லைங்கறேன்."

இரண்டாவது இழுப்பு. மூன்றாவது. மாமா குனிந்து, "மாப்ளே, அழுவுறீங்களா?" என்று கேட்டார். "எங்கப்பா நெனப்பு வந்துருச்சு மாமா" என்றேன். (அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் திடுக்கிட்டுப் போனார்.) அதற்குள் தாடையில் ரத்தம் கோடு போட்டு இறங்கி வேட்டியில் சொட்டியது. ஓர் அம்மாள் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு ஓடி வந்து அப்பினார். அது எரிந்த எரிச்சல் தனி. ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் கடை போய்விடும்.

வலது பக்கம் ஒருவழியாக முடிந்தது. மாதையன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கே பாவமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

"மாப்பிள்ளைங்க, தண்ணி தெளிக்கறேன், கண்ணை மூடிக்குங்க."

மூடினேன். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். இடது கன்னத்தில் ஏதோ எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. 'சிர்ர்' என்று ஒரு மெல்லிய சத்தம். அவ்வளவுதான். வலி இல்லை. மறுபடியும் 'சிர்ர்'. கத்தி கன்னத்தில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் பொங்கிவிட்டது. என் கை சொன்னது பொய்யாகவில்லை! கண்ணைத் திறக்காமலே பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினேன்:

"பாத்தீங்களா மாமா! இப்பத்தான் கத்தி பழக்கத்துக்கு வந்திருக்குது! பூவால தடவுற மாதிரி இருக்குது! இதுக்குத்தான் கனமான இரும்பா எடுக்கணும்ங்கறது! தேஞ்ச கத்தியில இந்தச் சொகம் வருமா? சொல்லுங்க, வருமா?"

ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அப்புறம் இன்னொருத்தி. பிறகு மாமாவின் குரல் மெதுவாக வந்தது:

"மாப்ளே, கண்ணைத் தொறங்க."

திறந்தேன். கப்பல் படம் போட்ட வெள்ளைக் கத்தி தாம்பாளத்தில் ரத்தத் தண்ணீரில் மிதக்காத குறையாகக் கிடந்தது. மாதையன் கையில் கறுப்புக் கொம்புப் பிடி.

பந்தலே இடிந்து விழுகிற மாதிரி அத்தனை பேரும் சிரித்தார்கள். என் சொந்த அப்பாவே தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"ஏம்ப்பா மாதையா, இது எப்புடி உங்கிட்ட?" என்றார் மாமா.

"பங்களாவுல எடுத்ததுங்க. மாப்பிள்ளை தேஞ்சதுன்னு சொல்லிட்டாருங்களா, வேற யாருமே கேக்கலீங்க. ஒண்ணேகால் ரூவா."

"அப்பவே நல்ல கத்தின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன்." நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆனால் மாமா லேசில் விடுகிற ஆள் இல்லை. "எதை வச்சுத் தெரிஞ்சுக்கிட்ட? காட்டு" என்றார். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டார்கள். யார் கேட்டார்கள்? மாதையன் கத்தியை வெயிலுக்கு நேரே பிடித்து, கட்டைவிரல் நகத்தை அலகின் வாய்க்கு அடியில் வைத்து லேசாக நெம்பினார். அந்த இரும்பு நகத்தின் மேல் தண்ணீர் மாதிரி நெளிந்தது! எடுத்ததும் நேராகிவிட்டது. பிறகு நகத்தால் சுண்டினார். தம்புராக் கம்பி மாதிரி 'டிங்' என்று நீளமாக ஒலித்தது. வெள்ளைக் கத்தியைச் சுண்டினார். 'தொக்'.

எனக்கு வெட்கமெல்லாம் போய்விட்டது. பாதி முகத்தில் மஞ்சளும் பாதி முகத்தில் தண்ணீருமாக மணையை விட்டு எழுந்து போய், "எங்க, இன்னொருக்கா சுண்டு" என்றேன்.

"இதுவும் மொதல்ல முதுகுக் கனத்துக்குத் தடியாத்தான் இருந்திருக்குமுங்க. ரெண்டு பக்கமும் சக்கரத்துல குடைஞ்சு குடைஞ்சு இந்தப் பதத்துக்குக் கொண்டாறாங்க. ஒரு சுத்து கூடப் போனா ஓட்டை வுழுந்துரும், அத்தனை வேலையும் வீண். குழி இருந்தாத்தான் வாயி மெல்லிசா இருக்கும், தீட்டறதும் சுலுவு. கனத்துக்குக் காசு இல்லீங்க இதுல. எடுத்த இரும்புக்குத்தான் காசு."

எடுத்துப் போட்ட இரும்புக்கு விலை! தூக்கி நிறுத்த முடியாத கடப்பாரையை விற்றவனுக்கு இது எப்படி இருந்திருக்கும்? சூரியன் மேற்கே முளைத்த மாதிரி இருந்தது. இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பேன். என் தாய்மாமன் வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தாலி கட்ட வைத்தார்.

பந்தியில் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். "மாப்ளே, பரீட்சை கைக்கு வச்சேன். மார்க்கு மூஞ்சியில வந்துருச்சு" என்றார். அந்த வாரமே கடைச்சாவி மாதையன் மடிக்குப் போனது. சுழல் நாற்காலியும் ஆளுயரக் கண்ணாடியும் போட்டு அவர் சலூன் திறந்தார். யுத்தம் வந்து ஜெர்மன் சாமான் வருவது நின்ற பிறகு, அந்தக் கத்தியில் ஒரு சவரம் செய்துகொள்ளவே அரூரிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். ஒரு தாசில்தார் எழுபது ரூபாய் கொடுத்து அதைக் கேட்டார். மாதையன் கொடுக்கவில்லை. நான் இன்னும் எட்டு வருடம் சந்தை வெயிலில் உட்கார்ந்தேன். பிறகு சலூனுக்கு எதிரிலேயே என் காசில் முதல் கடையைத் திறந்தேன். (அதைவிட நாலடி அகலம். அளந்துதான் வாங்கினேன்.)

காவேரி அன்று கதவிடுக்கில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அவள் வாயிலிருந்து அந்தக் கதை என் பிள்ளைகளுக்குப் போய், பிள்ளைகளிடமிருந்து பேரன் பேத்திகளுக்கும் போய்விட்டது. எங்கள் வீட்டில் யாராவது புதிதாக ஒன்றை வாங்கி வந்து ஆகா ஓகோ என்று புகழ ஆரம்பித்தால், மூலையிலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும்: "மாப்ளே, கண்ணைத் தொறங்க!" என் மூத்த மகன் மோட்டார் சைக்கிள் வாங்கியபோது வந்தது. என் மருமகன் மாடு பிடித்துக்கொண்டு வந்தபோது வந்தது. பேரன் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் குணத்தைப் பற்றிச் சொன்னபோதுகூட வந்துவிட்டது. அது ஒரு சண்டையில் போய் முடிந்தது.

மாதையன் காலமாகிவிட்டார். சலூனில் இப்போது அவர் மகன். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவன் நுரையைக் கன்னத்தில் பூசிவிட்டு ஒவ்வொரு முறையும் சொல்வான்:

"சோப்பு கண்ணுல பட்டா எரியுங்க, மூடிக்குங்க. நான் ஒண்ணும் மாத்த மாட்டேன்."

"மாத்தினா மாத்திக்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்" என்பேன்.

கண் எரியத்தான் எரிகிறது.